வங்கி தரும் பத்து லட்சம்... வயல் தாங்குமா?

கும்பப்பூ அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் கையில் கொஞ்சம் காசு புரளும்போதுதான் நாஞ்சில் நாட்டு வீடுகளில் அந்தப் பேச்சு எழும். ‘இந்த வருஷமாவது வானம் தோண்டிரலாமா?’ கணவன், மனைவி இருவரும் வங்கிக்குப் போய் விசாரிக்கிறார்கள். பத்து லட்சம் வரை கடன் கிடைக்கும் என்கிறார்கள். கொத்தனார் சதுர அடிக்கு ஒரு விலை சொல்கிறார். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் முடியும்போலத்தான் தெரிகிறது. அடுத்த வாரமே செங்கல் லோடு வந்து இறங்கிவிடுகிறது.

இதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. வங்கி சொல்வது, தன்னால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை. கொத்தனார் சொல்வது, தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை. அந்தக் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டு பேருமே சொல்வதில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. மாதச் சம்பளக்காரருக்கு வருமானமும் மாதம்தோறும் வருகிறது, தவணையும் மாதம்தோறும் போகிறது. விவசாயிக்கு வருமானம் பயிரோடு வருகிறது. சில வருஷம் பயிரோடு போயும் விடுகிறது. தவணைக்கு மட்டும் பருவம் கிடையாது. அதனால், விவசாயக் குடும்பம் வீடு கட்டலாமா என்பதை நல்ல வருஷத்தை வைத்துப் பார்த்தால் தப்பாகத்தான் முடியும். மோசமான வருஷத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வடசேரிக் குடும்பம்

கணக்குக்காக ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். வடசேரியில், கணவரின் பூர்வீக ஓட்டு வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு. தாழக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல்; கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகம் நெல். தனியாக 50 சென்டில் 500 ஏத்தன் வாழை. மாடு இரண்டு. மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறார். கணவர் சில வருஷம் வளைகுடாவில் இருந்து சேர்த்த 9 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. பூதப்பாண்டி ரோட்டில் 5 சென்ட் மனையும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் 750 சதுர அடியில், தட்டடியோடு ஒரு வீடு. இதுதான் ஆசை.

நெல்லில் இரண்டு போகத்துக்கும் சேர்த்து 60 குவிண்டால். குவிண்டால் 2,400 ரூபாய் என்று பார்த்தால் 1,44,000. வைக்கோல் 16,000. உழவு, நடவு, உரம், அறுப்பு என்று ஏக்கருக்குப் போகத்துக்கு 27,000 வீதம் 81,000 போனால், நிற்பது 79,000. வாழையில் குலைக்கு 250 வீதம் 1,25,000 வரவு; கன்று, உரம், முட்டுக்கம்பு, கூலி எல்லாம் 75,000; மிச்சம் 50,000. பாலில் தீவனச் செலவு போக வருஷத்துக்கு 72,000. தையலில் 48,000. ஆக மொத்தம் 2,49,000. சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து, கல்யாணம் காட்சிக்கு மொய் என்று மாதம் 14,000 வீதம் 1,68,000 செலவு. வருஷக் கடைசியில் கையில் நிற்பது 81,000. மாதத்துக்கு 6,750.

இந்த எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கானவை. வாசகர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். போடும்போது, எதிர்பார்க்கும் விலையைப் போடாமல் போன வருஷம் கையில் வாங்கிய விலையைப் போடுவது நல்லது.

இப்போது வங்கியின் கணக்கு. மாத வருமானம் 20,750. அதில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று ஒரு வங்கி எடுத்துக்கொண்டால், 10,375 ரூபாய். 10 லட்சத்துக்கு 9 சதவிகித வட்டியில், 15 வருஷத்துக்குத் தவணை 10,143. பொருந்திவிடுகிறது. கடன் மஞ்சூர்! ஆனால் இந்தக் குடும்பத்தில் நல்ல வருஷத்திலேயே மாதம் மிஞ்சுவது 6,750தானே? மாதம் 3,393 துண்டு விழும். அது எங்கிருந்து வரும்? பெரும்பாலும் உரத்தில் கை வைப்பார்கள். அடுத்து பயிர்க்கடன் பணத்தை எடுத்துத் தவணை கட்டுவார்கள். அதற்கும் அடுத்தது பீரோவைத் திறப்பதுதான்.

பயிர்க்கடன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கிசான் கடன் அட்டையில் 7 சதவிகித வட்டியில் வாங்கும் பயிர்க்கடனைக் குறித்த தேதியில் திருப்பிக் கட்டினால், 3 சதவிகிதம் சலுகை போக 4 சதவிகிதம்தான். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே கிடையாது. ஒரு விவசாயிக்குக் கிடைப்பதிலேயே மலிவான பணம் இது. இதை சிமென்ட்டில் போட்டுவிட்டு அறுவடைக்குப் பிறகு கட்ட முடியாமல் போனால், சலுகையும் போய்விடும். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்கவும் முகம் இருக்காது.

வாழை சாய்ந்த வருஷம்

நான்கு வருஷத்துக்கு ஒரு வருஷம் காற்று வாழையைச் சாய்த்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 75,000 செலவு செய்த இடத்தில் 25,000தான் தேறும். 50,000 லாபம் வரவேண்டிய இடத்தில் 50,000 நஷ்டம். அந்த வருஷம் குடும்பத்தின் மிச்சம் 81,000 அல்ல. 19,000 ரூபாய் பற்றாக்குறை. இது தவணை கட்டுவதற்கு முன்னால் உள்ள நிலை.

மூன்று நல்ல வருஷம், ஒரு கெட்ட வருஷம் என்று நான்கு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும்? 5 லட்சம் கடன் வாங்கினால் வருஷத் தவணை 60,864. மூன்று நல்ல வருஷத்தில் தவணை போக மிஞ்சுவது 60,408. கெட்ட வருஷத்தில் தேவைப்படுவது 79,864. ஏறத்தாழ இருபதாயிரம் குறைகிறது. அடுத்த நான்கு வருஷத்தில் இன்னொரு இருபதாயிரம். அதன் மேல் வட்டி.

4 லட்சம் என்றால் வருஷத் தவணை 48,684. மூன்று நல்ல வருஷத்தில் 96,948 சேரும். கெட்ட வருஷத்தில் 67,684 போனாலும் 29,264 கையில் நிற்கும். ஆக, வங்கி பத்து கொடுக்கத் தயாராக இருக்கும் இந்தக் குடும்பம் தாங்கக்கூடியது நான்கு. அதுவும் கெட்ட வருஷம் முதலிலேயே வந்துவிட்டால் சமாளிக்க, ஏறத்தாழ 70,000 ரூபாய் தொடக்கத்திலேயே தனியாக இருக்க வேண்டும்.

இது பயமுறுத்தச் சொல்லும் கணக்கு அல்ல. 2011-ல் ஒரு குமரி மாவட்ட விவசாயி 15 வருஷக் கடனில் வீடு கட்டியிருந்தால், அவர் எதையெல்லாம் தாண்டி வந்திருப்பார் என்று பார்த்தாலே போதும். 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தது. வாழையும் ரப்பரும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. 2020-ல் ஊரடங்கு. 2021 நவம்பர் மழையில் வயலெல்லாம் வெள்ளம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4-லிருந்து 6.5 சதவிகிதமாக ஏறியது. 15 வருஷக் கடன் என்பது இத்தனையும் சேர்ந்ததுதான். ஒரு வாழைக்கன்று இதில் எதையும் தாண்டவேண்டியதில்லை. பத்து, பன்னிரண்டு மாதத்தில் குலை வெட்டிவிடலாம்.

வட்டி ஏற்றத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால்கூட, 9 சதவிகிதம் 11.5 ஆனால் 4 லட்சத்துக்கான மாதத் தவணை 4,057-லிருந்து 4,673 ஆகிறது. நான்கு வருஷத்தில் கூடுதல் 29,568 ரூபாய். மேலே நின்ற 29,264 அப்படியே கரைந்துவிடும். எனவே நான்கு லட்சம் என்பது இந்தக் குடும்பத்துக்கு உச்ச வரம்பு. கையில் இருக்கும் சேமிப்பையும் விளிம்பு வரை வழித்துப் போட்டால், அந்த நான்கும் ஆபத்துதான்.

எஸ்டிமேட்டில் இல்லாத செலவு

கொத்தனார் சதுர அடிக்கு 2,300 சொன்னால் 750 சதுர அடிக்கு 17,25,000. சேமிப்பு 9, வங்கி 10, ஆக 19 லட்சம் இருக்கிறதே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பள்ளமான மனை என்றால் மண் நிரப்ப வேண்டும். ஆழ்துளைக் கிணறு, மோட்டார், கழிப்பறைக் குழி, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டுச் சுவர், கேட், கட்டுமான வேலைக்குத் தற்காலிக மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், அடுக்களை அலமாரி, கடைசியில் பால்காய்ச்சு. சதுர அடி விலையில் இவற்றில் எது சேரும், எது சேராது என்று முதலிலேயே எழுதி வாங்குபவர்கள் குறைவு. இதற்கெல்லாம் 20 சதவிகிதம் தனியாக வைத்தால் 3,45,000. மொத்தம் 20,70,000. இருக்கிற 19 லட்சத்தையும் போட்டாலும் 1,70,000 குறைகிறது. இந்தக் குறை வார்ப்பு போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கதவு, ஜன்னல் இல்லாமல் நிற்கும் வீட்டைப் பார்த்து யாரும் கட்டுமானத்தை நிறுத்த மாட்டார்கள், நகையை எடுப்பார்கள்.

வங்கிக் கடனும் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமாக வேலை முடிந்ததைப் பார்த்த பிறகுதான் பணத்தை விடுவிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் இறங்குவது சொந்தப் பணம்தான். பணம் தாமதமாகும் இரண்டு வாரத்தில் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டால் திரும்ப அழைத்து வருவதும் ஒரு செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ‘வாடகைக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டலாம்’ என்பது நியாயமான பேச்சுதான். 4,000 ரூபாய் வாடகை நின்றால் அந்த 4,000 தவணைக்கு உதவும். ஆனால் முழுதாக உதவாது. கட்டி முடியும்வரை வாடகையும் கட்ட வேண்டும், வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்ட வேண்டும். பிறகு வீட்டு வரி, பழுது பார்க்கும் செலவு. வடசேரி போன்ற இடத்திலிருந்து ஊருக்கு வெளியே மனை இருக்கும் பக்கம் போனால், பிள்ளைகளின் பஸ் செலவும் பைக் பெட்ரோலும் கூடும். வாடகையில் முக்கால் பங்கை மட்டும் மிச்சமாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

நகையும் வயலும்

வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்கு ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்று புவிசார் குறியீடே இருக்கிறது. வடசேரிக்காரர்களுக்கு நகையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக் கணக்கு போடும்போது, மனைவியின் நகை ‘இருக்கிற பணம்’ என்ற வரிசையில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவரைக் கேட்டு உட்கார்வதில்லை. கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில், சீதனமாக வந்த நகை மனைவிக்கே முழு உரிமையானது, கணவருக்கு அதில் உரிமை இல்லை, ஆபத்துக் காலத்தில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரவேண்டிய கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் வாழை சாய்ந்த வருஷமும், யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கும் வருஷமும் கைகொடுக்கப்போவது அந்த நகைதான். அதை டைல்ஸுக்கு அடகு வைத்துவிட்டால், வேறு தடுப்பு இல்லை. நகையைக் கணக்கிலேயே சேர்க்காமல் வீடு முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்படியும் மனைவி தாமாக முன்வந்து நகையைப் போட்டால், மனையிலும் வீட்டிலும் அவர் பெயர் இருப்பதுதான் முறை. மனை இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைகிறது.

வயலை விற்றுக் கட்டுவது அடுத்த கேள்வி. கூசாமல் சொன்னால், வெறும் ரூபாய்க் கணக்கு விற்கத்தான் சொல்லும். இந்தக் குடும்பம் அரை ஏக்கர் நெல் வயலை விற்றால் இழப்பது வருஷத்துக்கு 26,000 சொச்சம். பத்து லட்சம் கடனுக்குக் கட்டவேண்டியதோ வருஷத்துக்கு 1,21,716. வயல் இருக்கும் இடத்தில் மனை விலை போகிறது என்றால், ‘விற்றுவிட்டு நிம்மதியாக இரு’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தவணைக் கடன் 15 வருஷத்தில் முடியும்; வயல் போனால் போனதுதான். வீட்டுக்கு அரிசி, மாட்டுக்கு வைக்கோல், பயிர்க்கடனுக்கு ஈடு மூன்றும் அதோடு போகும். வைக்கோல் விலைக்கு வாங்க ஆரம்பித்தால், பாலில் வரும் 72,000மும் குறையும். நஞ்சையை மனையாக்குவதற்கு அரசு அனுமதியும் வேண்டும். வாய்க்கால் மறிபட்டால் பக்கத்து வயல்காரரோடு பகையும் வரும். ஏற்கெனவே தண்ணீர் ஏறாமல், ரோட்டை ஒட்டித் தரிசாகக் கிடக்கும் துண்டு இருந்தால் அது வேறு. இரண்டு போகம் விளையும் வயலை வீட்டுக்காக விற்பதை, கடைசி வழியாகக்கூட யோசிக்காமல் இருப்பது நல்லது.

அப்படியானால் எந்த வீடு?

சேமிப்பு 9 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் தொடக்கூடாத பணமாகத் தனியே வைத்துவிட வேண்டும். கெட்ட வருஷத்துக்கு 70,000. மிச்சம் அடுத்த போகத்துச் சாகுபடிக்கும் வாழைக்கும். நிற்பது 7.5 லட்சம். கடன் 4 லட்சம். மொத்தம் 11.5 லட்சம். 20 சதவிகிதக் கூடுதல் சேர்த்துச் சதுர அடி 2,760 என்றால், 416 சதுர அடி. 750 கேட்ட இடத்தில் 416. ஏமாற்றம்தான். ஆனால் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீடே 360 சதுர அடிதான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுக்களை, கழிப்பறை. நான்கு பேர் இருக்கலாம். பக்கவாட்டில் இன்னும் இரண்டு அறை எடுக்க இடம்விட்டு, அதற்குத் தகுந்தபடி பிளானைப் போட்டு, இப்போது இதை மட்டும் முடித்தால் பிள்ளைகள் வளரும்போது நீட்டிக்கொள்ளலாம்.

சுவர்ச் செலவைக் குறைக்க வழி தேடுபவர்கள் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ கட்டுமுறையைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். வெயில் சூடும் உள்ளே குறைவாக இறங்கும். வார்ப்பில் கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டுக்குப் பதில் பழைய ஓடுகளை வைத்து நிரப்புவது அவருடைய இன்னொரு முறை. அவர் பங்கெடுத்து நடத்திய கோஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இப்போதும் இப்படிக் கட்டிவருகிறது. ஆனால் செங்கல் ஒரே அளவாக, நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். கட்டிப் பழகிய கொத்தனாரும் வேண்டும். பழகாதவரிடம் கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொல்வதற்குச் சொந்த வீடு இடமல்ல. அஸ்திவாரம், கூரை, வயரிங், கழிப்பறைக் குழி நான்கிலும் கை இறுக்கக் கூடாது. டைல்ஸ், அலமாரி, கேட், போர்ட்டிகோ எல்லாம் இரண்டு கும்பப்பூ தள்ளிப் போடலாம்.

அரசு உதவியைப் பொறுத்தவரை, மனை எந்த எல்லையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வடசேரி நாகர்கோவில் மாநகராட்சிக்குள் வருகிறது. அங்கே நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாதவர்களுக்கு, சொந்த மனையில் கட்ட 2.5 லட்சம் வரை உதவி உண்டு. மனை ஊராட்சியில் இருந்தால் கிராமப்புறத் திட்டம். குடிசையில் இருப்பவர்களுக்குக் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம். பட்டியலில் பெயர் வந்து, பணி ஆணை கைக்கு வரும்வரை அந்தப் பணத்தைக் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொரு விஷயம், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி; எனவே பொருந்தும். மனைக்கு அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இருக்கிறதா என்பதை, வங்கிக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வங்கியில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை வைக்க முடியுமா? விவசாயிகளுக்கு இப்படிக் கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். முன்கூட்டியே கூடுதல் பணம் கட்டினால் அசலில் கழிக்கிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வாழைக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் அதற்கு உதவும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று மழை இரண்டு. தை பிறந்ததும் வானம் தோண்டினால் வைகாசிக்குள் வார்ப்பு முடிக்கலாம்; கும்பப்பூ நெல் பணமும் நடுவில் கைக்கு வரும். ஆனால் அதே நேரம்தான் கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் போடும் காலமும். வேலை மும்முரத்தில் மேஸ்திரி வந்து ‘ஒரு இருபதாயிரம் இருந்தா கம்பி இறக்கிரலாம்’ என்பார். தனியே வைத்த அந்த ஒன்றரை லட்சத்தை, வேலை தொடங்குவதற்கு முன்பே மனைவி பெயரில் வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டால், ‘கையில இல்ல அண்ணாச்சி’ என்று பொய் இல்லாமல் சொல்லிவிடலாம்.